டெல்டாவில் டாக்டர் மேற்படிப்பு: சம்பளம், பாண்டு, லீவு, விண்ணப்பம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருச்சி வட்டாரத்து ஹவுஸ் சர்ஜன்களும் அவர்களைப் பெற்றவர்களும் பி.ஜி. சீட்டு, அதாவது எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகான மேற்படிப்பு இடம் பற்றிக் கேட்கிற கேள்விகள் இவை. பாதிப் பேர் முதலில் கேட்பது, "மாசம் எவ்வளவு வரும்?" எந்த வழியாக உள்ளே போகிறீர்கள் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. பணம், பாண்டு, படிப்பு முடிந்ததும் எந்த ஊரில் வேலை என்பதெல்லாம் அந்த வழியை ஒட்டியே வரும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எத்தனை வழி இருக்கிறது?

அரசுக் கல்லூரியில் எம்.டி., எம்.எஸ். இடங்களில் சரிபாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். அதற்கு டெல்லியில் உள்ள மருத்துவக் கலந்தாய்வுக் குழு, அதாவது எம்.சி.சி., கலந்தாய்வு நடத்துகிறது. மீதிப் பாதி மாநில ஒதுக்கீடு. அது சென்னை தேர்வுக் குழுவின் பொறுப்பு. மாநிலப் பங்கிலும் பாதி, ஏற்கெனவே அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு. ஒரு துறையில் 8 இடம் என்றால் 4 அகில இந்தியா, 2 சர்வீஸ், 2 தான் பணியில் இல்லாதவர்களுக்கு. எந்தெந்தத் துறைகளில் சர்வீஸ் ஒதுக்கீடு என்பதை அந்தந்த ஆண்டுக் கையேட்டில் பார்க்க வேண்டும். 2024-ல் சில துறைகளில் இதை நிறுத்திவைக்க அரசு ஆணையிட்டபோது டாக்டர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன.

இவை தவிர, தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. என்ற, எம்.டி.க்கு இணையான படிப்பு இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் நீட் பி.ஜி. என்ற நுழைவுத் தேர்வு. எய்ம்ஸ், ஜிப்மர், சண்டிகர் பி.ஜி.ஐ., பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்றவற்றுக்கு ஐ.என்.ஐ.-செட் என்று தனித் தேர்வு, ஆண்டுக்கு இரு முறை. நிகர்நிலைப் பல்கலைக்கழக (டீம்டு) இடங்கள் முழுவதும் எம்.சி.சி. வழியாகத்தான். "எனக்கு ஆள் தெரியும், டீம்டில் சீட்டு வாங்கித் தருகிறேன்" என்று கும்பகோணம் லாட்ஜில் உட்கார்ந்து பேசுகிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சரி, மாசம் எவ்வளவு வரும்?

எய்ம்ஸ், ஜிப்மர் போன்ற மத்திய நிறுவனங்களில் ஜூனியர் ரெசிடென்ட், அதாவது பி.ஜி. மாணவர், ஏழாவது ஊதியக் குழுவின் 10-ம் நிலையில் வருகிறார். அடிப்படைச் சம்பளமே 56,100 ரூபாய். அகவிலைப்படி முதலானவை அதற்கு மேல். டி.என்.பி.க்குத் தேர்வு வாரிய வழிகாட்டுதல் முதலாண்டு 35,000, இரண்டாமாண்டு 37,000, மூன்றாமாண்டு 39,000 என்று கீழ்வரம்பு வைத்தது. மாநில அரசு அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தால் அந்தத் தொகையையே தர வேண்டும்.

தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் கிடைப்பது சம்பளமல்ல, உதவித்தொகை. ஸ்டைஃபண்ட் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அரசாணை வழியாக அவ்வப்போது உயர்த்துவார்கள், ஆண்டுக்கு ஆண்டு படிப்படியாகக் கூடும். மத்திய நிறுவனத்தில் கைக்கு வருவதோடு ஒப்பிட்டால் கணிசமாகக் குறைவு. சென்னையானாலும் தஞ்சாவூரானாலும் ஒரே தொகை. இது நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வகையில் லாபம்தான்: தஞ்சையில் வீட்டு வாடகையும் சாப்பாடும் சென்னை விலை இல்லை, சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் வீட்டில் போய்ச் சாப்பிடலாம்.

தனியார் கல்லூரியில் கதை வேறு. மாநில அரசுக் கல்லூரியில் தருவதற்கு இணையாகத் தர வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ம் ஆண்டு பட்டமேற்படிப்பு விதிகள் சொல்கின்றன. கட்டணத்தையும் ஸ்டைஃபண்டையும் வெளியிடச் சொல்லியும் ஆணையம் கல்லூரிகளை நெருக்கியிருக்கிறது. ஆனாலும் காகிதத்தில் காட்டுவது ஒன்று, கணக்கில் ஏறுவது இன்னொன்று என்ற புகார் நாடு முழுக்க உண்டு. சேர்வதற்கு முன் இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு மாணவர் இருவரையாவது தனித்தனியாகக் கேளுங்கள். அலுவலகத்தில் கேட்டால் அலுவலகப் பதில்தான் வரும்.

சர்வீஸில் போனால் முழுச் சம்பளமாமே?

ஆமாம். உதவி மருத்துவராக அரசுப் பணியில் இருப்பவர் பி.ஜி. படிக்கும் மூன்று ஆண்டும் அரசு ஊழியர்தான். மாநில ஊதிய அட்டவணையில் 22-ம் நிலை, அதுவும் 56,100-ல் தொடங்குகிறது. ஸ்டைஃபண்ட் கிடையாது, சம்பளம் உண்டு. அகவிலைப்படி உயரும்போது அதுவும் உயரும். ஒரே வார்டில், ஒரே ராத்திரி டியூட்டியில் நிற்கும் இரண்டு ரெசிடென்ட்களில் ஒருவர் கைக்கு மற்றவரைவிடக் கூடுதலாக வரும். இதில் மனக்கசப்பு வரத்தான் செய்யும். அவர் அதற்கு முன்னால் ஏதோ ஒரு கிராமத்துச் சுகாதார நிலையத்தில் தனியாளாக ஓ.பி. பார்த்துவிட்டு வந்தவர் என்பதை மறக்கக் கூடாது.

அப்படியானால் முதலில் பி.எச்.சி. (ஆரம்ப சுகாதார நிலைய) வேலைக்குப் போய்விட்டுப் பிறகு பி.ஜி. பார்க்கலாமா?

கையில் பணமில்லாத குடும்பத்துக்கு நான் சொல்வது: ஆமாம், போகலாம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி. தேர்வு எழுதி, தமிழ்த் தகுதித் தாளிலும் தேறி உள்ளே போக வேண்டும். இரண்டு ஆண்டு தொடர்ச்சியான பணி முடிந்தால் சர்வீஸ் வேட்பாளர் ஆகலாம். வேலையில்லாமல் கோச்சிங்குக்குப் பணம் கட்டிக்கொண்டு ஹாஸ்டலில் கிடக்கும் ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஊக்க மதிப்பெண் பற்றி ஒரு எச்சரிக்கை. கடினமான, எளிதில் போக முடியாத பகுதிகளில் வேலை பார்த்தால், எடுத்த மதிப்பெண்ணில் ஆண்டுக்கு 10 சதவீதம் வீதம் அதிகபட்சம் 30 சதவீதம் வரை கூட்டலாம் என்பது பழைய மருத்துவக் கவுன்சில் விதியிலிருந்து வந்த ஏற்பாடு. எது கடினமான பகுதி என்பதை அரசின் பட்டியல்தான் முடிவு செய்யும். நம் ஊர் சமவெளி. பஸ் ஒரு நாளைக்கு நான்கு தடவைதான் வருகிறது என்பதற்காக மதிப்பெண் வந்துவிடாது. பணியிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்த நிலையம் பட்டியலில் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

மாநில அரசு இப்படித் தன் டாக்டர்களுக்குத் தனி இடம் ஒதுக்கலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்ட் 31-ல் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டதில் முதல் பெயர் நம் மாநில அரசு டாக்டர்கள் சங்கத்துடையது.

பாண்டு என்றால் பயமாக இருக்கிறது. உண்மையில் என்ன?

பணியில் இல்லாதவர் அரசுக் கல்லூரியில் எம்.டி., எம்.எஸ். சேர்ந்தால், முடித்த பிறகு அரசு மருத்துவமனையில் வேலை செய்வதாகப் பத்திரம் எழுதித் தர வேண்டும். முன்பு 2 ஆண்டு, மீறினால் 40 லட்சம் ரூபாய். 2023-ல் மாநில அரசு இரண்டையும் பாதியாக்கியது: ஓராண்டு, 20 லட்சம். அகில இந்திய ஒதுக்கீட்டில் வருகிறவருக்கும் இதே பத்திரம்தான். பீகாரிலிருந்து வந்தாலும் மன்னார்குடியிலிருந்து வந்தாலும் விதிவிலக்கில்லை. சர்வீஸ் வேட்பாளருக்கு இன்னும் நீண்ட கட்டுப்பாடு: அரசுச் செலவில் படித்தவர் அரசிலேயே தொடர வேண்டும் என்பது அதன் சாரம்.

பாண்டுக் காலத்தில் இலவசமாக உழைக்கச் சொல்வதில்லை, ஊதியம் உண்டு. என் கருத்தில் அந்த ஓராண்டு தண்டனை இல்லை. பட்டுக்கோட்டையிலோ வேதாரண்யத்திலோ அறுவை சிகிச்சை டாக்டராகத் தனியாக முடிவெடுத்துப் பழகுவது பெரிய மருத்துவமனை யூனிட்டில் நான்காவது ஆளாக நிற்பதைவிட மேல். சிக்கல் வேறு இடத்தில்: அசல் சான்றிதழ்கள் கல்லூரியிடம் இருக்கும். உயர் சிறப்புப் படிப்புக்கோ வெளிநாட்டுக்கோ போக நினைப்பவர் அந்த ஓராண்டையும் சேர்த்துத்தான் காலக்கணக்குப் போட வேண்டும்.

விண்ணப்பிக்க என்ன தகுதி?

எம்.பி.பி.எஸ். தேர்ச்சி, அந்த ஆண்டு அறிவிப்பில் சொல்லும் தேதிக்குள் ஹவுஸ் சர்ஜன்ஷிப் முடித்திருக்க வேண்டும், மருத்துவக் கவுன்சிலில் நிரந்தர அல்லது தற்காலிகப் பதிவு. நீட் பி.ஜி.க்கு உச்ச வயது கிடையாது, எம்.பி.பி.எஸ்.ஸில் இத்தனை சதவீதம் என்ற நிபந்தனையும் கிடையாது. ஐ.என்.ஐ.-செட்டுக்கு உண்டு: பொதுப் பிரிவு, ஓ.பி.சி.க்கு 55 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி.க்கு 50.

ஜார்ஜியா, ரஷ்யா, பிலிப்பைன்ஸ் போய்ப் படித்து வந்தவர்கள் நம் பக்கத்தில் நிறைய. அவர்கள் எஃப்.எம்.ஜி.இ. என்ற, வெளிநாட்டில் படித்தவர்களுக்கான தகுதித் தேர்வில் 300-க்கு 150 எடுத்து, இங்கே இன்டர்ன்ஷிப் முடித்து, கவுன்சிலில் பதிந்த பிறகு மற்றவர்களோடு ஒரே வரிசையில் நிற்கலாம்.

நீட் பி.ஜி. தேர்வு எப்படி இருக்கும்? கட்டணம்?

200 கேள்வி, 800 மதிப்பெண், மூன்றரை மணி நேரம். சரிக்கு 4, தப்புக்கு 1 கழியும். 2024, 2025-ல் விண்ணப்பக் கட்டணம் பொது, ஓ.பி.சி., இ.டபிள்யூ.எஸ். (பொருளாதாரத்தில் நலிந்த முற்பட்டோர்) பிரிவினருக்கு 3,500, எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 2,500 ரூபாய். மதிப்பெண் அந்த ஆண்டுச் சேர்க்கைக்கு மட்டுமே செல்லும்.

2024 ஜூன் 23 தேர்வை முந்தின நாள் ராத்திரி ஒத்திவைத்தார்கள். பிறகு ஆகஸ்டில் வைத்தபோது தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலருக்கு ஆந்திராவில் மையம் போட்டார்கள். ஆகவே விண்ணப்ப ஜன்னல் திறந்த அன்றே உட்கார்ந்து ஊரைத் தேர்ந்தெடுங்கள், ராகுகாலம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 2025-ல் உச்ச நீதிமன்ற உத்தரவால் ஆகஸ்ட் 3 அன்று எல்லோருக்கும் ஒரே ஷிஃப்டில் நடந்தது.

தகுதி வரம்பு பொதுப் பிரிவுக்கு 50 பெர்சென்டைல் (எழுதியவர்களில் பாதிப் பேருக்கு மேலே வர வேண்டும்), எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி.க்கு 40. இடம் காலியாகக் கிடந்தால் வரம்பைக் குறைப்பார்கள். 2023-ல் பூஜ்யம் வரை இறக்கினார்கள். அதை நம்பிப் படிக்காமல் இருந்துவிடாதீர்கள். அப்போது மிஞ்சுவது பெரும்பாலும் மற்றவர்கள் வேண்டாம் என்று விட்ட துறைகள்.

எங்களுக்கு நிலம் இருக்கிறது. ஓ.பி.சி. சர்டிபிகேட் கிடைக்குமா?

டெல்டாவில் அதிகம் குழப்புகிற கேள்வி இது. முதலில் இரண்டு பட்டியலைப் பிரித்துக்கொள்ளுங்கள். மாநில ஒதுக்கீட்டில் நம் 69 சதவீதம் நடக்கும்: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. இதில் வருமான வரம்பு இல்லை. சாதிச் சான்றிதழ் போதும். அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓ.பி.சி. 27, எஸ்.சி. 15, எஸ்.டி. 7.5, இ.டபிள்யூ.எஸ். 10. அங்கே ஓ.பி.சி.க்கு 'கிரீமி லேயர் அல்லாதவர்' என்ற சான்றிதழை மத்திய அரசுப் படிவத்தில் தாசில்தாரிடம் வாங்க வேண்டும்.

பெற்றோர் வருமானம் 8 லட்சத்தைத் தொடர்ந்து மூன்று ஆண்டு தாண்டினால் கிரீமி லேயர், சான்றிதழ் கிடைக்காது. ஆனால் அந்தக் கணக்கில் விவசாய வருமானத்தையும் சம்பளத்தையும் சேர்க்கக் கூடாது என்பது 1993-லிருந்து உள்ள விதி. குறுவையும் சம்பாவும் நன்றாக விளைந்த வருஷம் என்பதற்காகச் சான்றிதழ் மறுக்க முடியாது. கடை வாடகை, ரைஸ் மில், வட்டி வருமானம் இவைதான் சேரும். நிலத்துக்குத் தனி அளவுகோல்: மாநில நில உச்சவரம்பில் 85 சதவீதமோ அதற்கு மேலோ பாசன நிலம் குடும்பத்துக்கு இருந்தால் கிரீமி லேயர். தமிழ்நாட்டில் ஐந்து பேர் குடும்பத்துக்கு உச்சவரம்பு 15 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்). மூன்று மா, ஐந்து மா என்று சிறு நிலம் வைத்திருப்பவர்கள் கவலையே பட வேண்டாம். அப்பா குரூப் ஏ அதிகாரியாக நேரடியாகச் சேர்ந்தவரா, அப்பா அம்மா இருவருமே குரூப் பி-யா என்பதும் தனியாகப் பார்க்கப்படும். அங்கே சம்பளத் தொகையைவிடப் பதவிதான் முக்கியம்.

தாலுகா அலுவலகத்தில் சில சமயம் நெல் விற்ற பணத்தையும் கூட்டிப் பார்க்கிறார்கள். விதியைச் சொல்லிப் பணிவாக வாதாடலாம். இந்தச் சான்றிதழில் தேதி முக்கியம் என்பதால் தகவல் கையேட்டில் கேட்கும் காலத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். காலேஜில் சேர்ந்தபோது வாங்கியதை நீட்டினால் செல்லாது.

அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 7.5 சதவீதம் இதிலும் உண்டா?

இல்லை. அது எம்.பி.பி.எஸ். போன்ற இளநிலைப் படிப்புக்கு மட்டும்.

டியூட்டி நேரம், லீவு?

1992-ம் ஆண்டு மத்திய ரெசிடென்சி திட்டம் வாரம் 48 மணி நேரம், ஒரே மூச்சில் 12 மணிக்கு மேல் போகக் கூடாது என்றது. எந்த ரெசிடென்டிடம் இதைச் சொன்னாலும் சிரிப்பார். 2023 விதிகள் 'நியாயமான வேலை நேரம்', 'நியாயமான ஓய்வு' என்று மழுப்பலாக விட்டுவிட்டன. தன் யூனிட் நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளும் அட்மிஷன் நாளன்று காலை போனவர் மறுநாள் மத்தியானம் வரை வார்டிலேயே நிற்பது மெடிசின், சர்ஜரி, மகப்பேறு துறைகளில் சகஜம். நம் பக்கத்தில் நடவு, அறுவடைக் காலத்தில் பாம்புக்கடி, வருஷம் முழுக்கப் பூச்சிமருந்து குடித்தவர்கள். மெடிசின் ரெசிடென்டுக்கு, பூச்சிமருந்து விஷத்துக்குக் கொடுக்கும் அட்ரோபின் மருந்தின் கணக்கு மனப்பாடமாகிவிடும்.

லீவில் விதி தெளிவு: ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் சம்பளத்துடன் தற்செயல் விடுப்பு, கல்விக்கு 5 நாள், வேலை நெருக்கடி இல்லாவிட்டால் வாரம் ஒரு நாள் ஓய்வு. வருகை 80 சதவீதம் வேண்டும். குறைந்தால் படிப்பு நீளும். மகப்பேறு விடுப்பு அரசு விதிப்படி உண்டு. சர்வீஸில் இருக்கும் பெண் டாக்டருக்கு மாநில அரசு ஊழியருக்கான 12 மாதம் பொருந்தும், ஆனால் எடுத்த அளவுக்குத் தேர்வு தள்ளிப்போகும். கல்யாணம் நிச்சயிக்கும் பெரியவர்கள் இதை மாப்பிள்ளை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஹாஸ்டலில்தான் தங்க வேண்டுமா?

கட்டாயமில்லை. கல்லூரி தங்குமிடம் தர வேண்டும், நீங்கள் அங்கே தங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. தஞ்சையில் கல்லூரி ஊருக்கு வெளியே வல்லம் சாலையில், மகப்பேறு பிரிவோ நகருக்குள் ராஜா மிராசுதார் மருத்துவமனையில். மகப்பேறு எடுப்பவர் வீடு பார்க்கும்போது இதை மனத்தில் வைக்கட்டும்.

மூன்று மாதம் வேறு ஊருக்கு அனுப்புவார்களாமே?

மாவட்ட ரெசிடென்சி திட்டம். மூன்று, நான்கு அல்லது ஐந்தாவது பருவத்தில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் வேலை. கும்பகோணம், மயிலாடுதுறை பெரியார் மருத்துவமனை, மன்னார்குடி போன்ற தலைமை மருத்துவமனைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டைஃபண்டை உங்கள் கல்லூரியே தொடர்ந்து தரும். இதை முடிக்காமல் இறுதித் தேர்வு எழுத முடியாது.

ராத்திரி நேரத்தில் வெளியே நர்சிங் ஹோமில் பார்க்கலாமா?

கூடாது. பி.ஜி. முழுநேரப் படிப்பு, தனியார் பிராக்டிஸ் தடை. சிலர் பார்க்கிறார்கள் என்பது அனுமதி ஆகாது. ஏதாவது தப்பாகிப் போனால் அந்த நர்சிங் ஹோம் உங்கள் பெயரை முதலில் மறந்துவிடும்.

டீம்டில் சீட்டு வருகிறது, நிலத்தை விற்கலாமா?

ஆண்டுக்குப் பல லட்சம் கட்டணம், மூன்று ஆண்டு. விற்பதற்கு முன் டி.என்.பி. பட்டியலை ஒரு தடவை முழுதாகப் பாருங்கள். எம்.டி.க்கு இணையான தகுதி, ஸ்டைஃபண்டும் உண்டு. சர்வீஸுக்குப் போய்க் காத்திருப்பதும் வழிதான். காவிரித் தண்ணீர் வரும் வயலை விற்றுவிட்டால் திரும்ப வாங்க முடியாது, நீட் அடுத்த வருஷமும் வரும்.

எம்.சி.சி.யில் பதியும்போது டீம்டுக்கு 2 லட்சம் வைப்புத்தொகை, திரும்பாத 5,000. அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு வைப்பு 25,000, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 10,000. முதல் சுற்றில் கிடைத்த இடத்தை விட்டால் நஷ்டமில்லை. இரண்டாம் சுற்றிலிருந்து வைப்புத்தொகை போகும். மிஞ்சிய இடங்களுக்கான கடைசி ஸ்ட்ரே சுற்றில் கிடைத்ததை விட்டால் பணமும் போய்த் தடையும் வரும். பிள்ளைக்குப் பிடிக்காத துறையை அந்தச் சுற்றில் 'சும்மா போட்டுப் பார்ப்போம்' என்று போடாதீர்கள்.

காரைக்கால்காரர்கள் எந்த மாநிலம்? சிதம்பரம்?

வாஞ்சூர் தாண்டினால் புதுச்சேரி. காரைக்கால், திருநள்ளாறு பிள்ளைகளுக்கு மாநில ஒதுக்கீடு புதுச்சேரி அரசின் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாக. 2025 ஜனவரி 29-ல் உச்ச நீதிமன்றம் பி.ஜி. இடங்களில் குடியிருப்பை வைத்து ஒதுக்குவது செல்லாது என்றது. அதே கல்லூரியில் படித்தவர்களுக்கு ஓரளவு முன்னுரிமை தரலாம் என்றும் சொன்னது. எனவே எந்த மாநிலக் கையேடானாலும் தகுதிப் பக்கத்தை அந்த ஆண்டுக்குப் புதிதாகப் படியுங்கள், அக்காவுக்கு நடந்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

சிதம்பரத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மாணவர்கள் அரசுக் கட்டணம் கேட்டு நீண்ட நாள் போராடி, 2021-ல் அது சுகாதாரத் துறையின் கீழ் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியானது. பழைய கட்டணக் கதையைக் கேட்டு ஒதுக்கிவிட வேண்டாம்.

என்னென்ன காகிதம் தயாராக வைக்க வேண்டும்?

எம்.பி.பி.எஸ். மதிப்பெண் பட்டியல்கள், பட்டம் அல்லது தற்காலிகச் சான்று, ஹவுஸ் சர்ஜன் நிறைவுச் சான்று, கவுன்சில் பதிவு, பத்தாம் வகுப்புப் பட்டியல், சாதிச் சான்று, தேவையானால் மத்தியப் படிவ ஓ.பி.சி., ஆதார், நீட் அனுமதிச் சீட்டும் மதிப்பெண் அட்டையும். சர்வீஸ்காரர்களுக்கு மேலதிகாரி கையெழுத்திட்ட பணிச் சான்று. துணை இயக்குநர் அலுவலகத்தில் அது நகர நாளாகும் என்பதால் தேர்வு முடிந்த வாரமே மனு போடுங்கள். எல்லா இடத்திலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பத்தாம் வகுப்பில் 'எஸ்.' முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் என்று இருந்தால் இப்போதே திருத்த ஆரம்பியுங்கள். கலந்தாய்வு இப்போது ஆன்லைன், சென்னைக்கு ரயிலேற வேண்டியதில்லை. ஸ்கேன் செய்த கோப்புகளைப் போனில் மட்டும் வைக்காமல் வேறொரு இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்.